கைமாற்று

முதலில் கொடுத்தது ஐந்து ஸ்ட்ரிப்.
களுவாஞ்சிகுடி கிளினிக்கில், மருந்து வரிசையில்,
முன்னுக்கு நின்றவள் தன் டப்பியைக் கவிழ்த்துத் தட்டினாள்.
ஒன்றும் விழவில்லை.
என்னுடையதில் பதினொன்று இருந்தது.
எண்ணித்தான் கொடுத்தேன்,
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
"கைமாத்தாத் தாங்க," என்றாள் றிஸ்மியா,
"அடுத்த கிளினிக்குக்குத் தாறன்."

கல்முனையில் மருந்து தட்டுப்பாடென்று இங்கே வந்தவள்.
மருதமுனையில் நாலாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறாள்.
நான் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவள்.
அவளுக்கு ஒன்பது வயதில் வந்தது, எனக்குப் பதினாலில்.
வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஊர் கேட்டது ஒரே கேள்வி:
"சின்னதில அப்படி என்னத்தப் புள்ள திண்டாய்?"

தெளிந்த மருந்தை முதலில் இழு, கலங்கலைப் பிறகு.
அது எனக்குத் தெரியும்.
கலங்கலைக் குலுக்காமல் உள்ளங்கைக்குள் உருட்ட
அவள்தான் காட்டினாள், பஸ் ஹோல்ட்டில் நின்று,
ரொட்டிக்கு மாவுருண்டை பிடிப்பதுபோல.
கரண்டு இல்லாத நாட்களுக்கு
சட்டிக்குள் சட்டி, இடையில் ஈர மணல்:
அது நான் கொடுத்தது.
கைப்பையில் எப்போதும் சீனிப் பொட்டலம்:
அதை ஒருவரும் தரவில்லை.
குருமண்வெளித் துறையில், மண்டூருக்குப் பாதை வரக் காத்திருந்து,
விழுந்து கற்றேன்.
பேயென்று நினைத்து யாரோ விபூதி பூசினார்கள்.
வேறு யாரோ நெக்டோ உடைத்து வாயில் ஊற்றினார்கள்.
எழுந்ததற்கு விபூதிக்குத்தான் பெயர் கிடைத்தது.

நோன்பு மாதத்தில் றிஸ்மியா
பள்ளிக்கூட ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கொண்டு
உள்ளேயிருந்து எனக்கு எடுப்பாள்.
"பிஸ்கட் தின்னுறன். களவெடுக்கிற மாதிரி இருக்கு."
நானும் ஒன்றை எடுத்து
போனுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தமாகக் கடிப்பேன்.

பிறகு அந்த இரவு.
இரண்டே முக்கால். நாற்பத்தெட்டு.
மூன்று கரண்டி சீனி கரைத்துக் குடித்தாயிற்று,
இனிப் பதினைந்து நிமிடம் பொறுக்கவேண்டும்.
உடம்பு பொறுக்காது,
பானையோடு சோறு கேட்கும்.
எடுத்தேன்.
"எத்தின?" என்றாள். ஏனென்று கேட்கவில்லை.
திருத்தாமல் கிடந்த கொப்பி ஒன்றை விரித்து வாசித்தாள்:
நஸீரிடம் இருபத்துநாலு மாங்காய்,
ஏழை அணில் கடித்துவிட்டது.
"சொல்லுங்க, மிச்சம்?"
ஒன்பது என்றேன்.
"பிழை."
பன்னிரண்டு.
"பிழை. என்ட பிள்ளைகளே பரவாயில்ல."
பதினேழு என்று நான் சொன்னபோது
அவளுக்குக் குரல் அடைத்தது, தொண்டையைச் செருமினாள்.
"இப்ப குத்திப் பாருங்க."
எண்பத்துமூன்று.

ஐந்து ஸ்ட்ரிப்பையும் தவணைக்கு முன்பே தந்துவிட்டாள்,
பொலித்தீனில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு.
அந்தப் பதினைந்து நிமிடத்தை
எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது?
கந்தோரில் ஒரு சதம் பிசகினாலும்
பொழுதுபட்டும் இருந்து தேடுகிறவள் நான்.

போன மாதம் ஒரு பொடியன் வந்தான்.
பெரியபோரதீவு. கிதுர்சன். பாடசாலை அணியில் கோல் கீப்பர்.
அம்மா அழுதழுது கதைக்க
அவன் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எங்கள் நம்பர் இரண்டையும் கிளினிக் கொப்பியின்
பின்மட்டையில் எழுதினோம்.
றிஸ்மியா பத்து ஸ்ட்ரிப் எண்ணினாள்.
"எப்ப திருப்பித் தரோணும்?" என்றான்,
அதுதான் அவன் வாய் திறந்தது.
"எனக்கில்ல," என்றாள் அவள்.
"எனக்குமில்ல," என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
வாங்கிக் காற்சட்டைப் பைக்குள் திணித்தான்.
"வெயில்ல வைக்காத!"
இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

இரண்டு கிழமை ஒரு சத்தமுமில்லை.
நேற்று, பாதை நடு வாவியில் நிற்க,
போன் அதிர்ந்தது.

287.

அதற்குக் கீழே:
கொத்து ரொட்டி அக்கா.
முழுப் பார்சல்.
அம்மாட்டச் சொல்லாதீங்க.